அரைக் கட்டை கீழே

வயலின் பகுதி முடிந்தது. திரையில் பச்சை நிறக் கட்டங்களாக அடுக்கடுக்காய்க் கிடந்த சுரங்கள் மறைந்து, அவை இருந்த இடத்தில் ஓர் ஒலியலை நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டது. நிப்றாஸ் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, அதைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டிக் கேட்டான். கடைசிச் சுரத்தின் வால் அறுபடாமல் தேய்ந்து அடங்குகிறதா என்பதை மட்டும் இன்னொரு முறை கேட்டான். அடங்கிற்று. அடுத்த தடத்தில் புல்லாங்குழல் இருந்தது. அதனையும் ஒலியாக மாற்றுமாறு கட்டளையிட்டுவிட்டு, சட்டையின் மேற்பித்தானைக் கழற்றி நெஞ்சை ஊதிக்கொண்டான்.

ஸ்டூடியோ அறையில் இருந்த ஒரேயொரு மின்விசிறி லெப்டொப்பை நோக்கித் திருப்பப்பட்டிருந்தது. அடிப்பக்கத்திலும் காற்றுப் படவேண்டும் என்பதற்காக, லெப்டொப் இரண்டு செங்கற்களின்மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. பழைய மெத்தைகளைக் கிழித்து எடுத்த இரப்பர்ப் பஞ்சு சுவரெங்கும் ஆணியால் அறையப்பட்டிருந்தது. அது சத்தத்தை வெளியே விடாததைப் போலவே காற்றையும் உள்ளே விடவில்லை. குளிரூட்டி ஒன்றும் இருந்தது. வாடிக்கையாளர் வந்தால் மட்டுமே அதைப் போடவேண்டும் என்பது நளீரின் ஏற்பாடு.

நளீர் கல்முனையில் கலியாணச் சாமான்களை வாடகைக்குக் கொடுப்பவர். கதிரை, பந்தல், மேடைச் சோடனை, வண்ண விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு பாட்டும் அவரிடமே கிடைத்தது. பாடுபவர் கச்சிமுகம்மது. இசையமைத்து, கலியாண மண்டபத்தில் லெப்டொப்பை வைத்து இசையை ஓட்டுபவன் நிப்றாஸ்.

அப்பாட்டுகளில் ஒலித்த வயலினையோ புல்லாங்குழலையோ எவரும் கையால் வாசித்ததில்லை. அவை மென்பொருளுக்குள் இருந்த கருவிகள். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பை மட்டும் நிப்றாஸ் ஒரு சிறிய விசைப்பலகையில் அடித்துக் கோப்பில் இட்டிருந்தான். பாட்டு ஓடும்போதெல்லாம் கணினி அக்குறிப்பைப் படித்து, அந்தந்தக் கணத்திலேயே ஒலியை உண்டாக்கியது. ஆகையால் ஒரு விசையைத் தட்டினால் பாட்டு முழுவதன் சுருதியையும் அரைக் கட்டை இறக்கலாம். இன்னொன்றைத் தட்டினால் ஏற்றலாம். ஒலித்தடமாக மாற்றிய பின்னர் அது எளிதன்று. பதிந்தது பதிந்த சுருதியிலேயே கிடக்கும். வலிந்து இறக்கினால், புல்லாங்குழல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதைப்போல இழுபடும்.

மாற்றிவிடலாம் என்று சொன்னவனும் நிப்றாஸ்தான். பெருநாளைக்குப் பிந்திய கலியாணக் காலத்தில், நற்பிட்டிமுனையில் ஒரு வலீமா விருந்தின்போது, பதினைந்து கருவிகளையும் ஒருங்கே இயக்கமாட்டாமல் லெப்டொப் திணறி நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது. மாப்பிள்ளையின் வாப்பா எழுந்து நின்று பார்த்தார். அன்று வரும் வழியில், லொறியின் முன்னிருக்கையில், "ஓடியோவா மாத்தினா இப்பிடி நிக்காது காக்கா," என்று நிப்றாஸ் நளீரிடம் சொன்னான். நளீர் அதைப் பற்றி அன்று ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமைதான் கேட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜீவராஜ் வந்தான். பாண்டிருப்பைச் சேர்ந்த அவன் ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்றி இறக்குபவன். மண்டபத்தில் ஒலியைக் கூட்டிக் குறைப்பவனும் அவனே. தோளில் வயர்ச்சுருள் தொங்கியது.

"என்ன மச்சான், இன்னும் அவியுதா? சோறெண்டா இதுக்குள்ள ரெண்டு பானை வடிச்சிருக்கலாம்."

"வடிக்கலாம். கறிக்கு ஒன்ட கைய வெட்டிப் போடு."

"என்ட கையில எலும்புதான் கிடக்கு. நளீர் நானாட கைய வெட்டு, கொழுப்புக் கறி தின்னலாம்."

"வாறாரு, மெல்லக் கத."

நளீர் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள்பையில் ரோல்ஸ் இருந்தது; பணியாளருக்கு அவர் வெறுங்கையோடு வருவதில்லை. ஒன்றை ஜீவராஜுக்கும் ஒன்றை நிப்றாஸுக்கும் தம் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

"எவ்வளவு முடிஞ்சிரிக்கி?"

"மத்தப் பாட்டெல்லாம் முடிஞ்சி காக்கா. கச்சிமுகம்மது சாச்சாட பாட்டுத்தான் இப்ப ஓடுது."

"அதப் பதிஞ்ச கட்டையிலயே செய். மாத்தாத. அவர்ர குரலையும் தனித் தடமா எடுத்து வை."

"குரல் என்னத்துக்கு காக்கா? மேடையில அவர்தானே பாடுற."

"ஓம், பாடட்டும். பழைய பதிவு ஒண்டு பத்திரமா இரிந்தா நல்லந்தானே? அழிச்சிப்போட்டு மறுகா தேட ஏலாது." நளீர் விசிறியின் தலையைத் தொட்டு, காற்று லெப்டொப்பின்மேல் நேராக விழுமாறு சிறிது திருப்பினார். "நாளைக்கி சனிக்கிழம ரெண்டு கலியாணம். ஒண்டு சாய்ந்தமருது, மத்தது ஒலுவில். ஒன்னப் பாதியா வெட்டி ரெண்டு இடத்துக்கும் அனுப்ப ஏலுமா? பாட்டு பென்ட்ரைவுல இரிந்தா ஆரும் பொத்தான அமுத்தலாம்."

"அப்ப நான்?"

"நாளைக்கி மட்டும் சாய்ந்தமருதுக்கு வந்து எல்லாம் சரியா ஓடுதா எண்டு பாத்துக் குடு. மறுகா என்ன, புதுப் பாட்டு வந்தா நீதானே செய்யப்போற. ஒன்ன விட்டா எனக்கு ஆரு இரிக்கா?"

அவர் நிப்றாஸின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். உள்ளங்கை ஈரமானதால், போகும்போது அதைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

நிப்றாஸ் ரோலைத் தின்னவில்லை. நளீருக்குத் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது. கச்சிமுகம்மதுக்கும் அது தெரியாது. பாட்டுகள் மூன்று கட்டைச் சுருதியில் பதியப்பட்டவை. பதிந்தபோது கச்சிமுகம்மது அச்சுருதியில் அலட்டிக்கொள்ளாமல் பாடினார். அக்காலத்தில் அவர் கல்முனைக்குடிக் கடற்கரையில் காலையில் மீன் ஏலம் கூறுவார், பின்னேரங்களில் பாடுவார். ஏலம் கூறும் தொண்டை பாட்டுக்கு ஆகாது என்று நளீர்தான் சொன்னார். கலியாணமெல்லாம் உங்களுக்கே என்று கைகொடுத்தார். கச்சிமுகம்மது ஏலத்தை விட்டார். ஆயினும் முப்பது வருடம் கத்திய தொண்டை, கத்துவதை நிறுத்தியதால் மட்டும் மீளவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு மேடையில், "எட்டாத வானே, எனக்கும் ஒரு கதவு திற" என்ற மூன்றாம் அடியின் உச்சத்தில் அவருடைய கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்ததை நிப்றாஸ் கண்டான். அடுத்த பாட்டு தொடங்குமுன், எவருக்கும் சொல்லாமல், விசையைத் தட்டி அரைக் கட்டை இறக்கினான். கச்சிமுகம்மது மேடையை விட்டு இறங்கி வந்து, "இண்டைக்கி தொண்ட வெண்ணெ மாதிரி இரிக்கி மனே. அதிமதுரம் வேல செய்யுது," என்றார். அதற்கடுத்த வருடம் இன்னோர் அரைக் கட்டை இறங்கிற்று. கடந்த நோன்புக்குப் பின்னர் மற்றோர் அரை. கோப்பில் பாட்டு மூன்று கட்டையில் இருந்தது. மேடையில் அது ஒன்றரையில் ஒலித்தது. அந்த இடைவெளியை ஒவ்வொரு மேடையிலும் நிப்றாஸின் ஒரு விரல் நிரப்பிக்கொண்டிருந்தது.

மாலை அசர்த் தொழுகைக்குப் பின்னர் கச்சிமுகம்மதே வந்தார். சந்தைக்குள் இருக்கும் நாட்டுமருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கிவிட்டு, வெயிலுக்கு ஒதுங்க வந்திருந்தார். வேர்த்துண்டு ஒன்று கன்னத்துக்குள் ஒதுக்கி இருந்தது.

"என்ட பாட்டையும் அடுப்பில ஏத்திட்டியாமே மனே? வெளிய அந்தப் பாண்டிருப்பான் சொல்றான்."

"இரிங்க சாச்சா. இந்தா, இதுதான் ஒங்கட குரல்." நிப்றாஸ் திரையைக் காட்டினான்.

கச்சிமுகம்மது கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக் குனிந்தார். நடுக்கோட்டின் இருபுறமும் ஈர்க்கு ஈர்க்காக அலை நின்றது.

"இதென்ன, மீன் முள்ளு மாதிரி இரிக்கி."

"என்ன மீன்?"

"பார. நல்ல முத்தின பார மீன்." பழைய ஏலக்காரரின் கண் ஒரு கணம் சுருங்கியது. "முள்ளு வடிவாத்தான் இரிக்கி. சதையத் திண்டது ஆருடா?"

நிப்றாஸ் சிரித்தான். அவர் கேட்டதற்காகப் பழைய பதிவைச் சிறிது ஓட்டினான். கச்சிமுகம்மது தலையைச் சரித்துக் கேட்டார். உச்சம் வந்தபோது அவருடைய வலக்கை, மைக்கைப் பிடித்த பாவனையில், வாயிலிருந்து ஒரு சாண் விலகிப் போயிற்று. அது அவருடைய வழக்கம். அந்த இடத்தில் அவர் குரல் பெருகும். கேட்பவரின் காதில் அடிக்காமல் இருக்க மைக்கை விலக்கிவிடுவார். சுருதி இறங்கி, விலக்கவேண்டிய தேவை இல்லாமற்போன பின்னரும் கை அதை மறக்கவில்லை.

"அப்ப பாடினதுக்கும் இப்ப பாடுறதுக்கும் வித்தியாசம் விளங்குதா மனே?"

"இல்ல சாச்சா."

"எனக்கும் விளங்கல்ல. வயசு போகப் போகக் குரல் போயிரும் எண்டானுகள். அல்ஹம்துலில்லாஹ்." அவர் வேர்த்துண்டை மறுகன்னத்துக்கு மாற்றினார். "இந்த வேருக்குத்தான் புண்ணியம். ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் அந்தக் கடைக்காரனுக்குத் துஆச் செய்றன் தெரியுமா?"

அவர் போன பின்னர் நிப்றாஸ் வேலையை மறுபடி தொடக்கத்திலிருந்து செய்தான். ஒரு தொகுதி நளீர் சொன்னபடி மூன்று கட்டையில் முடிந்திருந்தது. இப்போது ஒவ்வொரு பாட்டையும் ஒன்றரைக் கட்டைக்கு இறக்கி, ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே மீண்டும் ஒலியாக மாற்றினான். தபேலாவை மட்டும் இறக்காமல் விட்டான்; இறக்கினால் அது காலித் தகரமாகக் கேட்டது. லெப்டொப்பின் விளிம்பு தொடமுடியாத அளவுக்குச் சுட்டது. அந்தி மஃரிப் பாங்கு கேட்டபோது கடைசித் தடம் முடிந்தது.

வெளியே லொறியில் கதிரை ஏற்றிக்கொண்டிருந்த ஜீவராஜிடம் பென்ட்ரைவைக் கொடுத்தான்.

"இதுக்குள்ள ரெண்டு தொகுதி இரிக்கி. சாச்சா பாடக்குள்ள ரெண்டாவதப் போடு."

"என்ன வித்தியாசம்?"

"ஒண்டர கட்டை இறக்கினது. அதுதான் அவருக்குச் சரி."

"சரி, போடுறன். இவ்வளவுதானே?"

"இவ்வளவுதான்."

அன்றிரவு சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, மனைவி நுஸ்ஹா நிப்றாஸுக்கு எதிரே அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கணவன் இனிக் கலியாணங்களுக்குப் போகமாட்டான் என்பதை, அவன் சொல்லாமலே அவள் விளங்கிக்கொண்டாள். கேட்டது வேறொன்றை.

"அந்த மனிசனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"என்னத்த?"

"இறக்கி வெச்சிரிக்கிறத."

"சொன்னா பாட மாட்டாரு. அவர உனக்குத் தெரியாதா?"

"நீங்க பக்கத்தில இரிக்குமட்டும் சரி. இனி ஆரோ ஒருத்தன்ட கையில. அவனுக்கு இது தெரியுமா, சாச்சாக்குத் தெரியா எண்டு?"

நிப்றாஸ் சோற்றைப் பிசைந்தான். ஜீவராஜிடம் எல்லாவற்றையும் சொன்னவன் அந்த ஒன்றைத்தான் சொல்லவில்லை. சொல்ல முற்பட்டால், அம்மனிதரின் குரல் போய்விட்டது என்று வாயால் சொல்லவேண்டியிருக்கும். மூன்று வருடமாக அவன் அதைத் தனக்குத்தானே கூடச் சொன்னதில்லை. நாளை மண்டபத்தில் ஜீவராஜைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையைக் கழுவினான்.

சாய்ந்தமருது மண்டபத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் பந்தியில் அமர்ந்துகொண்டிருந்தார்கள். சஹன் என்னும் பெருந்தட்டு ஒன்றுக்கு ஆறு பேராக, வட்ட வட்டமாகச் சம்மணமிட்டிருந்தார்கள். மண்டபத்தின் நடுவே கட்டிய துணித் தடுப்புக்கு அப்பால் பெண்களின் பேச்சும் வளையல் சத்தமும் கேட்டன. நளீர் வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக்கொண்டிருந்தார்.

நிப்றாஸ் மேடையோரத்தை நெருங்கினான். ஜீவராஜ் ஒலிப் பலகையின்முன் குந்தியிருந்தான். அவனுக்கு அருகில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடும் தொப்பியோடும் கச்சிமுகம்மது நின்றார். நிப்றாஸ் வாயைத் திறக்குமுன் ஜீவராஜ், வேலையில் கவனமுள்ளவன் கேட்கும் முறையில், நிமிர்ந்து கேட்டான்:

"கச்சி நானா, ஒங்கட இறக்கினதத்தானே போடுற? முன்னுக்குக் கிடக்கிறதயில்லயே?"

"என்ன இறக்கினது?"

"ஒண்டர கட்டை இறக்கினது. நிப்றாஸ் தந்தவன். அதுதான் ஒங்களுக்குச் சரியாம்."

கச்சிமுகம்மது நிப்றாஸைப் பார்த்தார். நிப்றாஸ் ஜீவராஜைப் பார்த்தான். ஜீவராஜுக்கு இருவரின் முகத்திலிருந்தும் பாதி விளங்கிற்று; குனிந்து, முறுக்கத் தேவையில்லாத ஒரு வயரை முறுக்கினான்.

"எப்ப தொட்டு மனே?"

"மூணு வருசமா சாச்சா. கொஞ்சம் கொஞ்சமா."

கச்சிமுகம்மது கன்னத்துக்குள் கிடந்த வேர்த்துண்டை நாவால் தள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பின்னர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நான் அந்தக் கடைக்காரனுக்கு எல்லோ துஆச் செய்தன்," என்றார். சிரித்தார் என்றுதான் சொல்லவேண்டும். "ஒனக்குச் செய்திரிக்க வேணும்."

"சாச்சா, இண்டைக்கும் அதையே பாடுங்க. ஆருக்கும் தெரியா."

"எனக்குத் தெரியுமே மனே. தெரிஞ்ச பொறகு அந்தக் கட்டையில எனக்கு வாய் வராது." அவர் ஜீவராஜின் பக்கம் திரும்பினார். "தம்பி, முன்னுக்குக் கிடக்கிறதப் போடு."

"சாச்சா, வேணாம்."

"போடு. என்ட பாட்டுத்தானே. நான் பாடினதுதானே."

மேடையில் ஏறினார். பாட்டு தொடங்கிற்று. மூன்று கட்டையில், பதிந்த நாளின் சுருதியில், வயலின்கள் எழுந்தன. வால் அறுபடவில்லை, ஒரு கருவியும் திணறவில்லை. நிப்றாஸ் செய்த வேலையில் பழுது இல்லை.

"ஒட்டகக் கூட்டம் போன வழியில் ஒரு சுவடு நான்" என்ற முதலடியை அவர் தாண்டினார். இரண்டாம் அடியின் முடிவில் மூச்சு வழக்கத்துக்கு முன்னரே தீர்ந்தது. சஹனைச் சுற்றி இருந்தவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் அடி வந்தது. கை மைக்கை ஒரு சாண் விலக்கிற்று. "எட்டாத" என்பது வந்தது; "வானே" வரவில்லை. அவ்விடத்தில் ஒரு கரகரப்பு மட்டும் வந்தது, கயிறு கப்பியில் இழுபடும் சத்தத்தைப்போல. அருகிருந்த ஒரு சஹனில் ஆறு கைகளும் ஒருங்கே நின்றன. மாப்பிள்ளையின் உறவினர் இருவர் திரும்பிப் பார்த்தனர். துணித் தடுப்புக்கு அப்பாலும் பேச்சு நின்றது.

நளீர் எப்போது வந்தார் என்பதை நிப்றாஸ் காணவில்லை. அவர் ஜீவராஜின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, மைக்கின் ஒலியைக் கீழே இழுத்து, தனித் தடமாக எடுத்து வைத்திருந்த குரலை மேலே தள்ளினார். மண்டபம் முழுவதும், கரகரப்பில்லாத, முழுமையான, நாற்பது மீன்கூடைகளை ஒரே மூச்சில் ஏலம் விட்டுவிட்டு வந்து பாடிய கச்சிமுகம்மதின் குரல் நிறைந்தது. "எனக்கும் ஒரு கதவு திற" என்று அது மிக இலகுவாகக் கேட்டது.

கைகள் மறுபடி சோற்றுக்குப் போயின. மேடையில் நின்றவர் வாயை மூடவில்லை. மூடினால் தெரிந்துவிடும்.

பாட்டு முடிந்ததும் சிலர் கைதட்டினர். இறங்கி வந்தவரை நளீர் கையைப் பிடித்து அணைத்துக்கொண்டார்.

"ஒண்டுமில்ல காக்கா. ஆருக்கும் விளங்கல்ல."

"ஆருக்குமா?"

"சத்தியமா ஒருத்தருக்கும் விளங்கல்ல."

கச்சிமுகம்மது தலையசைத்துவிட்டு, கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்.

நிப்றாஸ் நளீரைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். "காக்கா, இறக்கின கட்டையிலயும் செய்து வெச்சிரிக்கன். அதப் போட்டா அவர் வடிவாப் பாடுவாரு. மூணு வருசமா அப்பிடித்தான் பாடினாரு. கொஞ்ச நாளைக்கி நான் கதைச்சிப் பாக்கன், அவர் சம்மதிப்பாரு."

நளீர் கோபப்படவில்லை. அவர் பணியாளர்மீது கோபப்படுபவர் அல்லர்.

"இறக்கிப் பாடினா சனம் என்ன சொல்லும்? கச்சிமுகம்மதுக்கு வயசு போயிட்டு எண்டு சொல்லும். இந்தக் குரலக் கேட்டா என்ன சொல்லும்? நீயே சொல்லு."

"அவர் பாடத்தானே வாறாரு காக்கா."

"வரட்டும். நான் வேணா எண்டேனா? வந்து நிக்கட்டும். சபைக்கு ஒரு ஆள் வேணுந்தானே." அவர் ஜீவராஜைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, அந்த ரெண்டாவதா கிடக்கிறத அழிச்சிடு. ரெண்டு இரிந்தா ஒலுவில்ல இரிக்கிற பொடியன் குழம்பிப்போவான்."

ஜீவராஜ் நிப்றாஸைப் பார்த்தான். நிப்றாஸ் வேறெங்கோ பார்த்தான். ஜீவராஜ் அழித்தான்.

அடுத்த மாதம் நிப்றாஸ் ஸ்டூடியோவுக்குப் போனபோது, செங்கற்கள் இரண்டும் வெறுமனே இருந்தன. எல்லாப் பாட்டும் ஒலியாக மாறிவிட்டபடியால், லெப்டொப்பிலிருந்த மென்பொருள்களை அழித்துக் கடையின் கணக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டதாக நளீர் சொன்னார். புதுப் பாட்டு வந்தால் கட்டாயம் கூப்பிடுவதாகவும் சொன்னார். மின்விசிறி வாடகைச் சாமான்களோடு போயிருந்தது. நிப்றாஸ், மைத்துனர் மீராமுகைதீனின் முச்சக்கர வண்டியைப் பகலில் ஓட்டத் தொடங்கினான்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவடிப்பள்ளியில் ஒரு கலியாணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பவும் அவர்களையே ஏற்றிவர வேண்டியிருந்தது. வண்டியை மண்டபத்துக்கு எதிரே, வயலோரத்து வாகை நிழலில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் பக்க வாசலால் உள்ளே போனான். அந்த வாசல் மேடையின் பின்புறத்தில் திறந்தது.

ஜீவராஜ் ஒரு வயரில்லா மைக்கின் அடிமூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளிருந்த இரண்டு பெட்டரிகளையும் எடுத்து, மேடைச் சோடனை விளக்குகளின் ரிமோட்டில் போட்டான். பொத்தானை அழுத்தினான். மாப்பிள்ளையின் இருக்கையைச் சுற்றி விளக்குகள் நீலமாகவும் பச்சையாகவும் மாறின.

"மைக்கில இரிந்ததக் கழட்டிட்டியா?" என்று நிப்றாஸ் கேட்டான்.

ஜீவராஜ் அவனைக் கண்டதும் எழுந்து தோளைத் தொட்டான். "எப்ப வந்த மச்சான்? சாப்பிட்டியா?" பின்னர் மைக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "முந்தின கலியாணத்தில கச்சி நானா மறந்துபோய் மெல்லப் பாடிட்டாருடா. குறைச்சித்தான் வெச்சிருந்தன், அப்பிடியும் ரெண்டு குரல் கேட்டிச்சி. இனி அப்பிடி வரப்படாதெண்டு நளீர் நானா சொல்லிட்டாரு."

"அவருக்குத் தெரியுமா, பெட்டரி இல்லயெண்டு?"

"கையில எடுத்தவுடன தெரியுந்தானே. பாரம் குறையும்."

கச்சிமுகம்மது மறுபக்கத்திலிருந்து வந்தார். சட்டை அதே கஞ்சிச் சட்டை. கன்னத்துக்குள் ஒன்றும் இல்லை. நிப்றாஸைக் கண்டு, "மனே, சுகமா? புள்ளைகள் சுகமா?" என்று கேட்டார். ஜீவராஜ் நீட்டிய மைக்கை வாங்கி, ஒருமுறை கையில் தூக்கிப் பார்த்தார். மீனின் நிறையை மதிப்பவர் பார்ப்பதைப்போல. மேடையில் ஏறினார்.

பாட்டு தொடங்கிற்று. அவர் உதடுகள் ஒரு சொல்லும் பிசகாமல் அசைந்தன. அந்தப் பழைய மனிதர் மூச்செடுத்த இடங்களில் இவரும் மூச்செடுத்தார். பந்தியில் சஹன்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு வயோதிபர் கண்ணை மூடித் தலையாட்டினார். துணித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண், "இப்பவும் என்ன குரல்டி இந்த மனிசனுக்கு!" என்றாள்.

மூன்றாம் அடி வந்தது. குரல் "எட்டாத வானே" என்று உச்சத்துக்கு ஏறியபோது, கச்சிமுகம்மது கேட்பவரின் காதில் அடிக்காமல் இருக்க, பெட்டரியில்லாத மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரம் விலக்கிப் பிடித்தார்.